கீல் பக்கத்துத் தேதிகள்

பல் பிடுங்கிக்கொண்டு, பாதி வாய் மரத்துப்போய், கன்னத்தில் பஞ்சை அதக்கியபடி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்துச் சுவர் பாலாக வெளுத்திருந்தது. அண்ணி நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் சுண்ணாம்புச் சொட்டு. ஏணி இன்னும் மூலையில் சாய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு? நாளைக்கு விரிசலம்மா வந்தா மூக்கைச் சுளிக்க முடியாதுல்ல?" என்றாள்.

நான் சுவரையே பார்த்தேன். தரையிலிருந்து என் தோள் உயரம் வரை ஓடிய விரிசலைக் காணோம். சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். விரிசலுக்கு இடப்பக்கம் அறைந்திருந்த தகர முள்ளையும் காணோம். வலப்பக்கத்தில், அந்த முள்ளின் நுனி நின்ற இடத்தில் வாராவாரம் நாங்கள் இட்டு வந்த பென்சில் கோடுகளும், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பொடியாக எழுதிய தேதிகளும் இல்லை. நாற்பத்திரண்டு வெள்ளிக்கிழமைகள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"என்ன, பிடிக்கலையா? பிடிச்ச மாதிரி வெள்ளையடிக்க உங்க அண்ணன்தான் சுடுகாட்டுலேர்ந்து எழுந்து வரணும்."

நான் காற்றில் பென்சில் பிடித்துக் கோடு போட்டுக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது.

"ஐயையோ," என்றாள். "அதெல்லாம் சுவத்துலயா இருந்துச்சு?"

வேறு எங்கே இருக்கும்? விரிசலம்மா சுவரில்தான் எழுதச் சொன்னாள், சுவரில்தான் எழுதினோம். ஒரு நோட்டில் எடுத்து எழுதி வைக்க வேண்டும் என்று பத்து மாதத்தில் ஒரு நாள்கூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கண்ணெதிரே இருப்பதை யார் நகல் எடுப்பார்கள்?

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு, அதாவது உச்சி வீடு. பதினோரு வீடுகள் கொண்ட அந்தத் தெரு பாறைச் சரிவில் படிப்படியாக ஏறி எங்கள் வாசலில் முடிகிறது. அந்தச் சரிவுதான் நகர்கிறது. மேல் ஆறு வீடுகள் நகர்கிற பாறையின் முதுகில் உட்கார்ந்திருக்கின்றன. கீழ் ஐந்து வீடுகள் அது விழுந்தால் விழுகிற இடத்தில் இருக்கின்றன. நகர்கிற பாறைக்கும் நிற்கிற மலைக்கும் நடுவே உள்ள பிளவு எங்கள் கூடத்துக்கு அடியில் ஓடுகிறது. ஆகையால் நானும் அண்ணியும் ஒரே வீட்டில் படுத்தாலும் அவள் மலையில் படுக்கிறாள், நான் பாறையில் படுக்கிறேன் என்று தெருவில் கேலி செய்வார்கள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, வீட்டுக்கு அடியில் இருப்பதே இணைப்பு அறுந்துகொண்டிருக்கிற இடம் என்பதில் ஒரு வேடிக்கை இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் பயத்தோடு எத்தனை வருஷம்தான் குடித்தனம் பண்ண முடியும்? அதுவும் வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

இதை அளக்க வந்தவள்தான் விரிசலம்மா. நிலவியல் துறையில் அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் வைத்த பெயர் அது, அவளுக்கும் தெரியும். போன வருஷம் அடைமழையில் எங்கள் சுவர் விரிசல் விறுவிறுவென்று அகலமானதைப் பார்த்து, "பத்து நாளில் சரிவு இறங்கும், எல்லோரும் கிளம்புங்கள்" என்று சொன்னாள். தெருவே ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனது. பன்னிரண்டு நாள் அங்கே படுத்தோம். மழை நின்றது, விரிசலும் நின்றது. எல்லோரும் திரும்பி வந்தோம். மேலிருந்து இரண்டாம் வீட்டு பஸ் டிரைவர் தன் கோழிகள் நாலு காணாமல் போனதற்கு இன்றுவரை அவளைத்தான் கேட்கிறார். மேலதிகாரி அவளை மேசை வேலையில் உட்கார வைத்துவிட்டார். போகும் முன் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, விரிசலின் ஒரு பக்கம் அந்தத் தகர முள்ளை அறைந்துவிட்டு, என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். வாரம் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, அவ்வளவுதான் என்றாள். வேறு யாரிடமும் கேட்க முகமில்லை என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்கு டீ கொடுத்தவள் அண்ணி ஒருத்திதான்.

மறுநாள் காலை அவள் வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டபடியே பையிலிருந்து நோட்டும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தவள், சுவர் முன்னால் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணி சமையலறை வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். விரிசலம்மா ஒரு விரலால் சுவரைத் தொட்டு, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள்.

"உங்களுக்காகத்தான்..." என்று ஆரம்பித்த அண்ணி, தரையிலிருந்த சுண்ணாம்புச் சொட்டைக் கால் விரலால் தேய்த்தாள்.

விரிசலம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் வெறும் சாலையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அது மாதிரி. பிறகு, மேலதிகாரியிடம் மன்றாடி இந்த ஒரு தடவைக்கு அனுமதி வாங்கி வந்திருப்பதாகச் சொன்னாள். சரிவு மறுபடி வேகம் எடுக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் கையில் கணக்கு இல்லாமல் மறுபடி எச்சரிக்கை கொடுக்க முடியாது.

"முன்னாடியே கிளப்பிட்டா என்னவாம்? பத்து நாள் மண்டபத்துல கூடுதலா இருந்தா என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டேன். கன்னம் வீங்கிப் பாதி வாயால் பேசியதால் அது கொஞ்சம் மிரட்டல் மாதிரி வந்தது.

"ரொம்ப முன்னாடி கிளப்பினா ரொம்ப முன்னாடியே திரும்பி வந்துடுவாங்கம்மா. விழுற அன்னிக்குச் சரியா வீட்டுல இருப்பாங்க. மூணாவது தடவை நான் கூப்பிட்டா யாரு வருவா? எனக்கு ஒரு தடவைதான் மிச்சம். அது சரியான நாளா இருக்கணும்."

பிறகு எங்களிடம் ஞாபகத்தில் இருப்பதைக் கேட்டாள். பத்து மாதத்தில் முள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்? அண்ணி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, "இவ்வளவு" என்றாள். நான் அதில் பாதியைக் காட்டினேன்.

"உனக்குக் கண்ணு மங்கிப் போச்சு."

"உங்களுக்கு விரலு நீளம், அண்ணி."

"கடைசி மாசத்துல வேகமா போச்சா, மெதுவா போச்சா?" என்று கேட்டாள் விரிசலம்மா. "எவ்வளவு தூரம் நகர்ந்துச்சுங்கிறதுகூட எனக்கு வேண்டாம். ஒரே அளவு நகர்றதுக்கு முன்னெல்லாம் எத்தனை நாள் ஆச்சு, இப்ப எத்தனை நாள் ஆகுது, அது தெரிஞ்சா போதும். பாறை விழறதுக்கு முன்னாடி அவசரப்பட ஆரம்பிக்கும். அவசரத்தைத்தான் அளக்கணும்."

அவசரத்தை யார் கவனித்தார்கள்? வெள்ளிக்கிழமை வந்தது, கோடு போட்டோம், டீ குடித்தோம்.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசல் கதவைச் சாத்தியிருந்தோம். சுண்ணாம்பு காயும் வரை தூசி வரக் கூடாதென்று. அவள் பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். மேல் மூலையில் கதவு நிலையோடு கவ்விக்கொண்டிருந்தது.

"மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டாள் அண்ணி. "இப்பத்தானே சீவிட்டுப் போனாரு! ஏய் டெலிபோன், அந்த தச்சரைக் கூப்பிடு. அரைகுறை வேலை பண்ணிட்டுப் போயிருக்காருன்னு சொல்லு."

தெருவில் எல்லோருக்கும் நான் டெலிபோன்தான். கூப்பிட்டேன். அக்கரையில் பட்டறை வைத்திருக்கிற தச்சர் அரைமணியில் வந்து, வெளியிலிருந்து தோளால் ஓர் இடி இடித்துக் கதவைத் திறந்தார். விரிசலம்மா வெளியே போகவில்லை. அவர் கீலின் தண்டை உருவி, கதவைத் தனியாகக் கழற்றி, கூடத்தில் இரண்டு ஸ்டூலின் மேல் படுக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரைகுறைன்னு சொன்னீங்களாம்," என்றார் தச்சர் அண்ணியிடம்.

"பின்ன? ரெண்டு வாரம்கூட ஆகல."

"ரெண்டு வாரம் ஆயிடுச்சுக்கா. பதினாறு நாள்."

"ஆமா, நீங்க விரல் விட்டு எண்ணிட்டே இருந்தீங்க!"

"நான் எதுக்கு எண்ணணும்? இதுலயே இருக்கு."

கதவின் கீல் பக்கத்து விளிம்பை எங்கள் பக்கம் திருப்பினார். கதவு மாட்டியிருக்கும்போது நிலையோடு ஒட்டி மறைந்துகொள்கிற விளிம்பு அது. வண்ணம் அடிக்கிறவர்கள் அங்கே அடிப்பதில்லை; மரம் அப்படியே பழுப்பாக இருந்தது. அதில் பென்சிலில் மேலிருந்து கீழாகத் தேதிகள். ஏழு தேதிகள். தட்டையான தச்சுப் பென்சிலின் தடித்த எழுத்து.

விரிசலம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "இதெல்லாம் என்ன?"

"இந்தக் கதவைச் சீவின தேதிங்க. ஊர்ல எத்தனை கதவு! எதுக்கு எப்ப கை வச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குமா? அதான் கதவுகிட்டயே எழுதி வச்சுடுவேன். இந்தக்கா மாதிரி யாராவது 'நேத்துதானே சீவினீங்க'ன்னு சண்டைக்கு வந்தா கழட்டிக் காட்டிடலாம்."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சீவுவீங்க?"

"ஒரு நூல்." விரல் நுனியில் ஒரு சின்ன இடைவெளி காட்டினார், ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "எப்பவும் ஒரு நூல்தான். கூடச் சீவினா சந்து தெரியும். குறைச்சுச் சீவினா மறுபடி வரணும்."

"எல்லாத் தடவையும் அதே மூலையிலயா?"

"அதே மூலைதான்."

"மழைக்கு மரம் ஊதியிருக்கலாம் இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் தச்சர் அவளைப் பார்த்த பார்வை, சமையலில் உப்பு எதற்கு என்று கேட்டவளைப் பார்ப்பது போல இருந்தது. "மரம் அகலத்துல ஊதும்மா. உசரத்துல ஊதாது. மழையில இறுகுற கதவு பக்கவாட்டுல பிடிக்கும். இது தலையில பிடிக்குது. ஊதுறது கதவு இல்ல. சாயறது நிலை."

விரிசலம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்புச் சொட்டு புடவையில் ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு தேதிகளை எழுதினாள். எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ள காலத்தைக் கணக்குப் போட்டாள். முதல் தடவை சீவியதற்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே முப்பத்தொரு மாதம். அடுத்தது பதினேழு மாதம். அடுத்தது எட்டு. பிறகு நாலு. பிறகு இரண்டு. பிறகு முப்பத்து மூன்று நாள். கடைசியாக, இன்றைக்கு எட்டாவது தடவை, பதினாறு நாள். அவள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, இழைப்புளியைக் கையில் எடுத்த தச்சரும் அப்படியே நின்றார். ஐந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டு வாசலில் ஓடிய கணக்கு. நாங்கள் தினம் பத்துத் தடவை திறந்து மூடியது.

"பாதி பாதியா குறையுது," என்றேன்.

"ஆமாம்மா. உங்க விரிசல் ஒவ்வொரு மழைக்கும் பதறுச்சு. போன வருஷம் என்னை ஏமாத்துனது அதுதான். இந்தக் கதவு பதறல. ஒரு நூல் சேர்ற வரைக்கும் பொறுத்துப் பொறுத்துச் சொல்லியிருக்கு." முகம் சிவந்திருந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்குச் சீவி மாட்டினா அடுத்தது எப்ப இறுகும், சொல்லுங்க?"

"எட்டு நாள்ல."

"அதுக்கு அடுத்தது?"

"நாலு. அப்புறம் ரெண்டு, ஒண்ணு." அண்ணி விரல் மடக்கினாள். "பதினஞ்சு ஆச்சு."

"அப்புறம் அரை நாள், கால் நாள், அரைக்கால் நாள். எவ்வளவு கூட்டினாலும் பதினாறைத் தாண்டாது." அவள் நோட்டை மூடினாள். "கடைசி இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் மிச்சம்."

தச்சர் இழைப்புளியைத் தூக்கிக் காட்டினார். "அப்ப நான் இப்ப சீவணுமா, வேண்டாமா?"

"சீவுங்க. சரியா ஒரு நூல். எட்டாம் நாள் இறுகுச்சுன்னா நான் சொல்றது சரி. இறுகலைன்னா நான் மேசைக்கே போயிடுறேன்."

அன்று மத்தியானம் தச்சர் அவளை மற்ற வீடுகளுக்கும் அழைத்துப் போனார். பாறையின் முதுகில் இருக்கிற ஆறு வீட்டுக் கதவுகளிலும் தேதிகள் இருந்தன. சில வீடுகளில் மூன்றோ நாலோதான்; ஆனால் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. கீழ் ஐந்து வீட்டில் ஒரு தேதியும் இல்லை. சாயங்காலம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மேலதிகாரியிடம் போனில் பேசினாள். ஒரு பக்கப் பேச்சைக் கேட்டு மறுபக்கத்தைத் தெரிந்துகொள்வது எனக்குப் பழகிய வித்தை. "கதவு சார்... இல்ல, கருவி இல்ல, கதவு... ஆறு கதவு சார்... தச்சர்... ஆமா, படிச்சவர் இல்ல. ஆனா ஐஞ்சு வருஷமா ஒரே அளவுல அளந்தவர். நம்மகிட்ட அப்படி யாரு இருக்கா சார்?" மறுமுனையில் அவர் தலையைச் சொறிந்தது எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "எட்டாம் நாள் வரைக்கும் டைம் கொடுத்திருக்காரு," என்றாள் போனை வைத்துவிட்டு.

அந்த எட்டு நாளும் அண்ணியைப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை வாசலுக்குப் போய்க் கதவைத் திறப்பாள், மூடுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல மேல் மூலையில் கை வைத்துப் பார்ப்பாள். வெள்ளையடித்த குற்றத்தை இப்படிக் கழித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதைவிட, அவளுக்கு அறிய வேண்டியிருந்தது. எனக்கும்தான். வீடு போகப் போகிறது என்கிற துக்கம் ஒரு பக்கம் கிடக்க, கணக்கு சரியாக வருமா என்கிற ஆசை எங்களை விடவில்லை. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் லேசாக உரசியது. ஏழாம் நாள் சாயங்காலம் இரண்டு கையால் இழுக்க வேண்டியிருந்தது. எட்டாம் நாள் காலை, பால்காரர் மணி அடித்தபோது, கதவு திறக்கவே இல்லை. அண்ணி ஜன்னல் வழியாகப் பாத்திரத்தை நீட்டி, சந்தோஷமாகச் சொன்னாள்: "இறுகிடுச்சு!"

பால்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

உத்தரவு பத்து மணிக்கு வந்தது. விரிசலம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இரண்டாம் வீட்டு டிரைவர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்:

"போன தடவை பத்து நாள். இந்தத் தடவை இன்னும் எட்டு நாளா? ஏலமா விடுறீங்க?"

"அண்ணே, உங்க கதவு இன்னிக்கு இறுகிடுச்சா?"

"இறுகினா தச்சர் இருக்காரு. அதுக்கு வீட்டை விட்டுப் போகச் சொல்வீங்களா? என் கோழிக்கே இன்னும் பதில் சொல்லல நீங்க."

யாரும் அசையவில்லை. தேதிகளைப் பார்த்தவர்களும், "ஆமா, அதிசயம்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்கள். கணக்கைப் புரிந்துகொள்வது வேறு, கட்டிலைத் தூக்குவது வேறு. அவள் எங்கள் வீட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் கதவை மறுபடி கழற்றிக்கொண்டிருந்த தச்சர், அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்று அவருக்கு ஆறு வீட்டிலிருந்தும் அழைப்பு. ஆறு கதவும் ஒரே நாளில் இறுகியிருந்தன. ஆறையும் கழற்றி வேனில் ஏற்றினார். பட்டறையில் பெரிய இழைப்புளி இருக்கிறது, அங்கே வைத்து ஒரேயடியாகச் செய்து நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்றார். மறுநாள் வரவில்லை. போன் செய்தால் "நாளைக்கு" என்றார். மூன்றாம் நாள் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் போனை வாங்கிக் கத்தினார். எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"கதவு இல்லாம எப்படிய்யா படுக்கிறது? திருடன் வந்தா?"

"அதான் அண்ணே நானும் யோசிச்சேன். சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு அக்கரைக்கு வந்துடுங்களேன். கதவு ரெடியானதும் சேர்ந்தே போயிடலாம்."

"என்ன வேலைய்யா பாக்குற நீ?"

"தச்சு வேலை அண்ணே. இழுக்கத்தான் செய்யும்."

தச்சன் தவணை சொல்வதை நம்பாதவர் உலகத்தில் உண்டா? விரிசலம்மாவை நம்பாத தெரு அவரை முழுசாக நம்பியது. திட்டிக்கொண்டே சாமான் கட்டியது. மேல் ஆறு வீடும் வண்டி பிடிப்பதைப் பார்த்ததும், கதவு பத்திரமாக இருந்த கீழ் ஐந்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாம் மட்டும் எதற்கு என்று அவர்களும் கிளம்பினார்கள். பதினோராம் நாள் தெரு காலி. எங்கள் கதவை மட்டும் விரிசலம்மா கேட்டு வாங்கி மண்டபத்துக்கே கொண்டுவரச் செய்தாள். அது ஆதாரம் என்றாள்.

"நீங்க செஞ்சது சரியாண்ணே?" என்று அவள் தச்சரைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் பொய் சொல்லலையே. நாளைக்குன்னுதான் சொன்னேன்."

மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பெஞ்சு அளவு இடம். எங்கள் இடத்தில் கதவு சுவரில் சாய்ந்து நின்றது. எதோடும் உரசாமல், எதையும் மூடாமல் அது நிற்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. மாடி ஜன்னலில் விரிசலம்மா முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தாள். ஆற்றுக்கு எதிரே தெரு முழுவதும் தெரியும். பதினாலாம் நாள் டிரைவர் அக்கம்பக்கத்தாரிடம் பேச்சை ஆரம்பித்தார். பதினைந்தாம் நாள் அது கூட்டமாயிற்று. பதினாறாம் நாள் மத்தியானம் அவர் மாடி ஏறி வந்து அறிவித்தார்:

"நாளைக்குக் காலையில நான் போறேன். கதவு இல்லைன்னா சாக்கைத் தொங்க விட்டுட்டுப் படுத்துக்கிறேன். என்னோட வர்றவங்க வரலாம். ஏழு வீடு வர்றதா சொல்லியிருக்கு."

அவர் இறங்கிப் போனதும் விரிசலம்மா, அண்ணி கொண்டுவந்த டீயை வாங்கி, குடிக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள். காலையிலிருந்து வைத்த மூன்று டம்ளரும் அங்கேயே ஏடு படிந்து நின்றன.

"விழணும்னு வேண்டிக்கவும் முடியலம்மா," என்றாள். "விழக்கூடாதுன்னு வேண்டிக்கவும் முடியல. பதினோரு வீடு. அது உங்க வீடு."

"எங்களுக்காக நீ ஒண்ணும் வேண்டிக்காத," என்றாள் அண்ணி. இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருமையில் பேசினாள். "கொஞ்சம் நகரு. கண்ணுக்கு ஓய்வு கொடு. டெலிபோன் பாக்கட்டும். கேக்குறதுக்குத்தான் சம்பளம் வாங்கினா, ஓசியில பாக்கட்டுமே."

நான் குனிந்து கண்ணை வைத்தேன். முதலில் வெறும் பாறை ஆடியது. பிறகு ஓடு, எங்கள் மாடத்துச் செடி, பிறகு வாசல். கதவில்லாத வாசல் ஒரு நீள்சதுரமாக இருக்க வேண்டும். ஒரு தோள் இறங்கின மாதிரி கோணலாக இருந்தது. சாய்ந்த வெயில் அதன் வழியே உள்ளே போய்க் கூடத்துச் சுவரில் விழுந்திருந்தது. சுவர் அத்தனை வெள்ளை. எங்கள் வீட்டை இவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே யாரோ சுத்தமான மனிதர்கள் குடியிருப்பது போல இருந்தது. அந்த வெள்ளையில், தரைப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு மயிரிழை. காலையில் விரிசலம்மா காட்டியபோது இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இழை இடுப்பு உயரத்துக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது.

"என்ன தெரியுது?" என்றாள் அண்ணி.

"சுவரு."

"அழுக்காயிடுச்சா?"

"இல்ல அண்ணி. வெள்ளை நல்லா எடுப்பா இருக்கு. கோடு பளிச்னு தெரியுது."

விரிசலம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். கீழே மண்டபத்தில் டிரைவரின் குரலும் பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அண்ணி பையைத் துழாவி அந்தப் பழைய பென்சிலை எடுத்தாள். நாற்பத்திரண்டு வெள்ளிக்கிழமை தேய்ந்து விரல் நீளம்தான் மிச்சம் இருந்தது. மாடிப்படி இறங்கி ஓடினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்திருந்த கதவை அவள் இரண்டு கையாலும் பிடித்து, கீல் பக்கம் வெளிச்சத்துக்கு வரும்படி திருப்பினாள். தச்சரின் கடைசித் தேதிக்குக் கீழே பென்சில் முனையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மணி என்ன?" என்று கத்தினாள்.